ஏழு வயசுப் பையனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை துண்டு மைசூர்பா தாங்கும்?

முத்தூர் மருமக:

வணக்கமுங்க. திருப்பூர்ல இருக்கறோம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியிலதான் வேலை. தீவாளி போனஸோட ஆளுக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாங்க. மாமியார் ஊர்ல இருந்து ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் (அரிசி மாவும் வெல்லமும் சேத்து எண்ணெயில சுடற பலகாரம்) குடுத்து உட்டிருக்காங்க. ஒறம்பரைங்க, அதான் சொந்தக்காரங்க, கொண்டாந்தது தனி. பிரிட்ஜைத் தொறந்தா லட்டு கீழ விழுகுது.

பெரியவனுக்கு ஏழு வயசு, ரெண்டாவது படிக்கறான். சின்னவளுக்கு ஒண்ணரை. போன மாசம் பல் டாக்டர்கிட்டக் காட்டினதுல பெரியவனுக்குக் கடவாப்பல்லு மூணு சொத்தைன்னாரு. "இனிப்பைக் கொறைங்கம்மா"ன்னு எழுதியும் குடுத்துட்டாரு. எவ்வளவுக்குக் கொறைக்கறதுன்னு கேட்டா, "கொறைங்க"ன்னு திரும்பவும் அதையேதான் சொல்றாரு. நெட்ல பாத்தா கிராம் கணக்குல போட்டிருக்காங்க. எனக்கு கிராம் புரியாதுங்க, துண்டுக் கணக்குல யாராவது சொல்லுங்க. பாக்கெட் சாமான்னா பின்னாடி லேபிள் இருக்குது. ஸ்வீட் ஸ்டால் பாக்ஸ்ல கடை பேரும் தேதியும் தவிர ஒண்ணுமில்லை.

மாமியார் ஒரே பேச்சா, "அஸ்காதான் (வெள்ளைச் சக்கரை) கெடுதல், நாட்டுச்சக்கரை எத்தனை தின்னாலும் ஒண்ணும் பண்ணாது"ங்கறாங்க. அதுவும் நெசமா?

தட்டுக்கணக்கு:

உணவியல் படிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில இருக்கேங்க. எண்ணை நான் சொல்றேன். துண்டு கணக்கு பலகாரம் போடறவங்க யாராவது வந்தாத்தான் சரியா வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்னது: ஒரு நாளைக்குக் கெடைக்கற மொத்த கலோரியில, நாம சேர்க்கற சர்க்கரை பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முடிஞ்சா அதுலயும் பாதி. தேன், வெல்லம், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்குல சேரும். பாலுக்குள்ள இயற்கையா இருக்கற சர்க்கரையும், கடிச்சுத் திங்கற முழுப் பழமும் சேராது.

நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) போட்ட கணக்குல 7 முதல் 9 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி. அப்ப பத்துல ஒரு பங்குன்னா 42 கிராம், அதுல பாதின்னா 21. பிரிட்டன் அரசு 7 முதல் 10 வயசுக்கு 24 கிராம்னு வெச்சிருக்குது. அமெரிக்க இதயச் சங்கம் 2016-ல ரெண்டு வயசுக்கு மேல எல்லாப் பிள்ளைகளுக்கும் 25-க்குள்ளன்னு சொல்லுச்சு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல போட்ட வழிகாட்டுதல்ல 2,000 கலோரி சாப்பிடற பெரியவங்களுக்கே 25 கிராம்தான். அதனால பெரியவனுக்கு 20-லிருந்து 25-க்குள்ளன்னு மனசுல வெச்சுக்கோங்க. டீஸ்பூன்ல சொன்னா தலைதட்டி அஞ்சு.

சின்னவளுக்குக் கணக்கே இல்லை. ரெண்டு வயசு முடியற வரைக்கும் சேர்க்கற சர்க்கரை எதுவும் வேண்டாம், கச்சாயம் பிச்சுக் குடுக்கறது உட்பட.

சென்னிமலையான்:

நாங்கெல்லாம் சின்னதுல கிராம் பாத்தா தின்னோம்? எங்க அமுச்சி உறியில தொங்கவிட்ட வெல்லத்தைத் திருடித் தின்னே வளந்தவன் நான். இப்ப 54 வயசு, பல்லு எல்லாம் சொந்தப் பல்லு. சும்மா கொழந்தைய மெரட்டாதீங்க.

சரக்கு மாஸ்டர், கோபி:

தங்கச்சி, நான் ஸ்வீட் ஸ்டால்ல சரக்கு மாஸ்டருங்க. பொள்ளாச்சி, ஈரோடு, கோயமுத்தூர்னு பல கடை அடுப்புல நின்னுபோட்டு இப்பக் கோபியில இருக்கறேன். லேபிள் இல்லீன்னு வெசனப்படாதீங்க. நாங்க போடற அளவைச் சொல்றேன், நீங்களே பிரிச்சுப் பாத்துக்குங்க.

கடைக்குப் போனா மொதல்ல ஒண்ணு கேளுங்க: "கிலோவுக்கு எத்தனை நிக்கும்?" கல்லாவுல இருக்கறவருக்குத் தெரியாட்டி உள்ள கேட்டுச் சொல்லுவாங்க. 25 நின்னா துண்டு 40 கிராம். 40 நின்னா 25 கிராம். கம்பெனிக்குக் குடுக்கற பாக்ஸ் சரக்கு எப்பவும் சின்ன வெட்டுதான், பாக்ஸ் நெறஞ்ச மாதிரி தெரியோணுமில்ல. தட்டுல அடுக்கி சில்லறைக்கு விக்கறது பெரிய வெட்டு. ஒரே மைசூர்பாதான், ஆனா இதுக்கும் அதுக்கும் துண்டுக்கு ஆறு கிராம் சர்க்கரை வித்தியாசம் வந்துரும்.

நெய் மைசூர்பாவுக்குக் கடலை மாவு ஒரு கிலோன்னா அஸ்கா ரெண்டு கிலோ, நெய் ரெண்டு கிலோ. பாகுக்கு ஊத்தற தண்ணி அடுப்புலயே போயிரும். அப்ப அஞ்சு கிலோ சரக்குல ரெண்டு கிலோ அஸ்கா. நூத்துக்கு நாப்பது. 25 கிராம் துண்டுன்னா 10 கிராம், 40 கிராம் துண்டுன்னா 16. உங்க பையனுக்குப் பெரிய வெட்டுல ஒண்ணு தின்னா அன்னைக்குப் பாதிக்கு மேல முடிஞ்சுது.

மைசூர்பாவையே எல்லாரும் பயப்படறாங்க, ஆனா லட்டுதான் எச்சு. பூந்திக்கு ஒரு பங்கு மாவு, ரெண்டு பங்கு அஸ்கா. எண்ணெய் குடிக்கறது, பாகுல மிச்சம் நிக்கற ஈரம் எல்லாம் சேத்தாலும் புடிச்ச லட்டுல பாதி அஸ்காதான். 40 கிராம் லட்டுன்னா 20. அதோட அன்னைக்குக் கணக்கு முடிஞ்சுது.

ஜாங்கிரி கதை வேற. உளுந்து மாவுல அஸ்கா ஒரு துளி கெடையாது. துணியில முடிஞ்சு, ஓட்டை வழியாப் பிழிஞ்சு, எண்ணெயில வெந்து மேல வர்றப்போ அது வெறும் உளுந்து வடைதான், உப்பில்லாத வடை. எடுத்து வெதுவெதுன்னு இருக்கற ஜீராவுல, அதான் சக்கரைப் பாகுல, போட்டு ஜல்லிக்கரண்டியில அமுக்கிப் புடிப்போம். நொரை நொரையாக் காத்து வெளிய வரும், காத்து போன எடத்துக்கெல்லாம் ஜீரா உள்ள போகும். குழல் நல்லா ஏறுச்சான்னு ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாப்போம், உள்ள இருந்து ஜீரா சொட்டோணும், இல்லீன்னா அந்த ஈடு கொறைச் சரக்கு. ஒருக்கா புதுசா வந்த பையனுக்குக் காட்டறதுக்கோசரம் தராசுல வெச்சேன். பொரிச்சப்போ 20 கிராமுக்குப் பக்கம் இருந்தது, ஊறி வந்தப்போ 50-ஐத் தொட்டுது. ஏறுன 30-ம் ஜீரா. ஒரு கம்பிப் பதத்து ஜீராவுல முக்காவாசி அஸ்கா. அப்ப ஒரு ஜாங்கிரிக்கு 20, 22 வரும். குலாப் ஜாமூன், ரசகுல்லாவும் இந்தச் சாதிதான். அதுல ஜீராவைப் பிழிஞ்சு குடுத்தா பாதி போயிருமுன்னு நெனைக்காதீங்க. கிண்ணத்துல நிக்கற ஜீராவைக் குடிக்க உடாம இருந்தாப் போதும். பிள்ளைங்க கடைசியா அதைத்தான் வழிச்சுக் குடிக்கும்.

பாதுஷா மேல மட்டும் பாகு ஏறுது, மூணுல ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. பால்கோவாவும் மூணுல ஒரு பங்குக்குள்ளதான். அந்த அம்மிணி சொன்ன மாதிரி பால்ல இருக்கற இனிப்பைக் கணக்குல சேக்க வேண்டியதில்லீங்க.

இனி ஊட்டுப் பலகாரம். கச்சாயத்துக்கு ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்காக் கிலோ வெல்லம் போட்டா, 40 கிராம் கச்சாயம் ஒண்ணுல 10, 11 கிராம் வருமுங்க. லட்டுக்கு இது பாதிதான். எள்ளுருண்டை சின்னதாப் புடிச்சா 6, 7. கடலை முட்டாய் 20 கிராம் துண்டுக்கு 8. ஆனா ஒப்புட்டை (போளி) ஏமாந்து கொறைச்சு எடை போட்டுறாதீங்க. ஒரு கிலோ கடலைப்பருப்புக்கு ஒரு கிலோ வெல்லம், நாப்பத்தி அஞ்சு ஒப்புட்டு வரும். ஒண்ணுக்கு 20 கிராமுக்குப் பக்கம் வந்துரும். நோம்பி அன்னைக்கு இலையில ரெண்டு வெச்சு, மேல நெய்யும் ஊத்தி, பக்கத்துல பாயசமும் ஊத்தறது நம்ம பழக்கம். அது நோம்பிக்குச் சரி.

இப்ப நான் சொல்ல வந்த விசயம். கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு, "மாஸ்டர், சக்கரை கம்மியா லட்டுப் போட்டுக் குடுங்க, கொழந்தைங்க திங்கறது"ங்கறாங்க. முடியாதுங்க. அஸ்கா இனிப்புக்கு மட்டும் போடறதில்லை. பூந்தியைச் சேத்துப் புடிக்கறது பாகுதான். மைசூர்பாவைக் கட்டி வெட்டறதுக்கு நிக்க வெக்கறதும் அதுதான். ஒரு வாரம் வெளிய இருந்தும் ஜாங்கிரி ஊசாம இருக்குதுன்னா, தண்ணியை எல்லாம் அஸ்கா தங்கிட்டப் புடிச்சு வெச்சுக்குது, பூசணத்துக்கு ஒண்ணும் கெடைக்கறதில்லை. ஒரு கல்யாண ஊட்டுக்காரரு ஒத்தைக் கால்ல நின்னாருன்னு அவரு முன்னாடியே ஒரு கிலோ மாவுக்கு ஒரு கிலோ அஸ்காவுல பூந்தி போட்டுக் காட்டினேன். கையில புடிச்சப்போ உருண்டையா நின்னுது, தட்டுல வெச்சதும் உதுந்து போச்சு. "அப்ப மிக்சர்ல கலந்துரு மாஸ்டர்"ன்னு சிரிச்சுட்டே போனாரு.

அதனால நீங்க கொறைக்க வேண்டியது அஸ்காவை அல்ல, துண்டை. வாங்கிட்டு வந்த மைசூர்பாவை ஊட்டுல கத்தி வெச்சு மூணா வெட்டி டப்பாவுல போட்டுருங்க, பிள்ளை டப்பாவுல பாக்கறதுதான் துண்டு. லட்டு புடிக்கச் சொன்னா நெல்லிக்காய் அளவுல புடிக்கச் சொல்லுங்க, ஆர்டருக்குப் பண்ணுவோம், கூலி கொஞ்சம் எச்சாக் கேப்போம், கை வேலை ரெட்டிப்பாகுதில்ல.

கொறைக்க முடியற சரக்கும் இருக்குது. கேசரி, பாயசம், பால்கோவா, சந்தகைக்கு (சேவை) ஊத்தற தேங்காப்பால் இதெல்லாம் பாகுல நிக்கற சாமான் இல்லை, அன்னைக்கே தின்னு தீர்றது. கேசரிக்கு ரவை ஒண்ணுக்கு அஸ்கா ரெண்டுன்னு போடுவாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு போட்டாலே பிள்ளைங்க திங்கும். தேங்காப்பால்ல ஏலக்காய் ஒண்ணு எச்சாத் தட்டிப் போட்டா வெல்லம் கொறைஞ்சது நாக்குக்குத் தெரியாது.

"சுகர் ப்ரீ ஸ்வீட் இருக்குதே, அது குடுக்கலாமா"ன்னும் கேப்பாங்க. நாங்க விக்கறோமுங்க. ஆனா அது சர்க்கரை வியாதிக்காரங்களுக்குன்னு போடறது. 2023-ல உலக சுகாதார நிறுவனமே, ஒடம்பு எடை கொறைக்கறதுக்கு அந்த மாதிரிச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாமுன்னு சொல்லிருச்சு. ஏழு வயசுப் பையனுக்கு அது எதுக்கு?

சென்னிமலை அண்ணா, நீங்க உறியில திருடுனது வாஸ்தவந்தான். உறி எட்டாத ஒயரத்துல இருந்ததும் வாஸ்தவந்தானுங்களே. அப்ப லட்டுன்னா தீவாளி, கல்யாணம். இப்பக் கடையில எனக்குத் தீவாளி வேலையைவிட பொறந்தநாள், வளைகாப்பு, ரிசல்ட்டு, புது வண்டின்னு மத்த நாள் வேலை எச்சா இருக்குது. நான் சரக்கு விக்கறவன், இதைச் சொன்னா என்ற பொழப்புக்குத்தான் கேடு. இருந்தாலும் சொல்றேன்.

ஆலைக்கொட்டாய்:

மாமியார் கேள்விக்கு நான் பதில் சொல்றனுங்க. கவுந்தப்பாடிப் பக்கம் எங்களுக்கு ஆலை. எங்க சக்கரை மூட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஏலம் போய், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் போகுது. அதனால நாட்டுச்சக்கரையைப் பத்தி மட்டமா ஒரு வார்த்தை எங்கிட்ட இருந்து வராது. ஆனா பொய்யும் வராது.

ஒரு டன் கரும்பு ஆட்டினா நூறு கிலோவுக்குப் பக்கம் சக்கரை எடுக்கலாம். சாறைக் கொப்பரையில ஊத்திக் காய்ச்சி, அழுக்கெடுத்து, பதம் வந்ததும் தொட்டியில கொட்டித் தேய்ச்சா பொடியாகுது. தண்ணியை ஓட்டறோம், அவ்வளவுதான். மில்லுல அதுக்கப்பறம் வெல்லப்பாகைப் பிரிச்சு வெளிய எடுத்து வெள்ளையாக்கறாங்க, நாங்க பிரிக்கறதில்லை. அதனால வாசமும் கொஞ்சம் சத்தும் நிக்குது. ஆனா கரும்பு கரும்புதானுங்க. நாட்டுச்சக்கரையில நூத்துக்கு எண்பத்தஞ்சுக்குப் பக்கம் அதே சர்க்கரைதான். கருப்பட்டியும் அப்படியே. பல்லுல இருக்கற கிருமிக்கு அஸ்கா எது, கவுந்தப்பாடி எதுன்னு பேரெல்லாம் தெரியாது.

இரும்புச்சத்து இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு ஸ்பூன் போட்டா அரை மில்லிகிராம் வந்தா அதிகம். அதுக்குக் கம்மஞ்சோறும் முருங்கைக்கீரையும் போட்டீங்கன்னா பல மடங்கு வரும்.

இன்னொண்ணு. மஞ்சளா மினுமினுன்னு இருக்கற வெல்லம்தான் சுத்தம்னு நெனைச்சு வாங்காதீங்க. அந்த நெறத்துக்கு ஹைட்ரோஸ்ங்கற வெளுக்கற ரசாயனம் போடறாங்க. வெலை ஏறற சமயத்துல அஸ்காவை மூட்டையாக் கொட்டி வெல்லமாக் காய்ச்சறதும் சில எடத்துல நடக்குது, உணவுப் பாதுகாப்புத்துறை புடிச்ச செய்தி அப்பப்ப வரும். அப்படிப்பட்டதை வாங்கிட்டு "எம் பையன் அஸ்காவே திங்கறதில்லை"ன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். கருத்த பழுப்பா, கையில தேய்ச்சா பிசுபிசுன்னு இருந்தா வாங்குங்க. மாமியாரைக் கொறை சொல்லலீங்க, அவங்க காலத்துல வந்தது அப்படி இருந்தது.

(கோயமுத்தூர்க்காரங்க பெருமைக்கு ஒண்ணு: எங்க காட்டுல நிக்கற கோ 86032 உங்க ஊரு கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல வந்த ரகம். 1912-ல ஆரம்பிச்சது அது. இந்தியாவுல எந்த ஊட்டுல டீ போட்டாலும் அதுல கோயமுத்தூர் இருக்குதுன்னு நான் சொல்லுவேன்.)

தட்டுக்கணக்கு:

மாஸ்டர் சொன்ன அளவெல்லாம் குறிச்சு வெச்சுக்கிட்டேன், எங்க பாடப்புத்தகத்துல ஜாங்கிரி இவ்வளவு விவரமா இல்லை.

ஒண்ணு மட்டும் சேர்க்கணும். சின்னத் துண்டா வெட்டிட்டு, காலையில ஒண்ணு, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒண்ணு, டிவி பாக்கறப்போ ஒண்ணுன்னு குடுத்தீங்கன்னா பல்லுக்கு முழு லட்டைவிடக் கெடுதல். சர்க்கரை வாயில படற ஒவ்வொரு தடவையும் கிருமி அதை அமிலமாக்குது, அரை மணி நேரத்துக்குப் பல் அந்த அமிலத்துலதான் ஊறுது. அப்பறம் எச்சில் சரி பண்ணும். சரி பண்றதுக்கு நேரம் விடணும். சாப்பாடு முடிஞ்ச கையோட ஒரே தடவை குடுத்து, தண்ணி குடிக்க வெச்சிருங்க. ராத்திரி பல் தேய்ச்சதுக்கப்பறம் எதுவும் வேண்டாம், பால்ல சக்கரை போட்டுக் குடுக்கறது உட்பட. விழுந்து முளைக்கப்போற பால்பல்தானேன்னு விட்டுறாதீங்க. கடவாய்ப் பால்பல் பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் வாயில இருக்கணும்.

முத்தூர் மருமக:

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து நைட்டு சமையல் தராசை எடுத்து எல்லாத்தையும் எடை போட்டுட்டேன். பாக்ஸ் லட்டு 38 கிராம். ஒறம்பரை கொண்டாந்த லட்டு 60! மாஸ்டர் அண்ணா கணக்குப்படி அதுல ஒண்ணே 30 கிராம் அஸ்கா.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேற. பெரியவன் சாதாரணமாப் பள்ளிக்கூடம் போற நாள்ல என்னென்ன திங்கறான்னு லேபிள் பாத்து எழுதினேன். காலையில மால்ட் பவுடர் ரெண்டு ஸ்பூன் குமிச்சுப் போடறேன், அதுல 6 கிராம். அதுக்கு மேல "சக்கரை பத்தலம்மா"ங்கறான்னு ரெண்டு ஸ்பூன் சக்கரை, 9. ஸ்நாக்ஸ் டப்பாவுல கிரீம் பிஸ்கட் நாலு, 14. சாயந்திரம் வேன்ல இருந்து எறங்கினதும் மாமனார் வாங்கித் தர்ற மாம்பழ ஜூஸ் பாக்கெட், 19. மொத்தம் 48. ஸ்வீட் பாக்ஸைத் தொடாமலே ரெண்டு நாள் கணக்கு முடியுது. இத்தனை நாளா நான் லட்டை ஒளிச்சு வெச்சுட்டு இருந்தேன்.

ரெண்டு சந்தேகம். மால்ட் பவுடரை நிறுத்திட்டா வளத்தி கொறையும்னு வீட்டுக்காரர் சொல்றாரு, அது உண்மையா? அப்பறம் மாமியார்கிட்ட ஆலைக்கொட்டாய் அண்ணன் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்பறம், "அப்ப அடுத்த நோம்பிக்குக் கச்சாயம் சுடறதா வேண்டாமா, அதைக் கேட்டுச் சொல்லு"ன்னாங்க.

தட்டுக்கணக்கு:

வளத்தி கொறையாது. அந்தக் கிளாஸ்ல வேலை செய்யறது பால்தான். 2024 ஏப்ரல்ல மத்திய வணிக அமைச்சகம், இந்த மாதிரிப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்"னு தலைப்புப் போட்டு விக்கக் கூடாதுன்னு ஆன்லைன் கடைங்களுக்குச் சொல்லிருச்சு. நம்ம உணவுச் சட்டத்துல அப்படி ஒரு வகையே கெடையாது. ஒரேயடியா நிறுத்தினா பையன் பாலையும் விட்டுருவான். இந்த வாரம் மேல போடற சக்கரையை மட்டும் நிறுத்துங்க. அடுத்த வாரம் பவுடரை ஒரு ஸ்பூனாக்குங்க. லேபிள்ல "மொத்தச் சர்க்கரை", "சேர்த்த சர்க்கரை"ன்னு ரெண்டு வரி இருக்கும், ரெண்டாவது வரியைப் பாருங்க. நூறு கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கறதை ஒரு வேளைக்குன்னு நெனைச்சுக் குழம்பவும் வேண்டாம்.

ஜூஸ் பாக்கெட்டை மட்டும் இன்னைக்கே நிறுத்திருங்க. மாமனாருக்கு வாங்கித் தர்ற சந்தோசம் வேணும்னா, அந்தக் காசுக்கு ரெண்டு கொய்யாப்பழம் வரும்.

பையன் சிபிஎஸ்இ பள்ளிக்கூடமா இருந்தா, 2025 மே மாசம் வந்த சுற்றறிக்கைப்படி சர்க்கரை அளவைக் காட்டற பலகை ஒண்ணு அங்க மாட்டியிருக்கணும். கூட்டிட்டுப் போறப்போ அவனையே படிக்கச் சொல்லுங்க.

சரக்கு மாஸ்டர், கோபி:

அம்மாகிட்டச் சொல்லுங்க, கச்சாயம் கட்டாயம் சுடோணும். வெல்லத்துல மட்டும் ரொம்பக் கை வெக்க வேண்டாமுங்க. எச்சாப் போட்டா எண்ணெயில பிரிஞ்சு சட்டியில புடிக்கும், ரொம்பக் கொறைச்சா ஆறுனதும் கல்லாப் போயிரும். கிலோ அரிசிக்கு முக்காக் கிலோ போடறவங்க அரைக் கிலோவுக்கு மேல கொஞ்சம் வரைக்கும் எறங்கலாம், அப்பக் கூட ரெண்டு கனிஞ்ச பூவம்பழத்தைப் பெசைஞ்சு சேத்தா மெத்துன்னு நிக்கும். குழிக்கரண்டியில ஊத்தறதுக்குப் பதிலா ரசக்கரண்டியில ஊத்தச் சொல்லுங்க, பாதி அளவுல வரும். எண்ணெய் ரொம்பக் காயாம மெதுவா வேகட்டும், சின்னது சீக்கிரம் கருகிரும்.

ஒறம்பரை குடுத்த அந்த 60 கிராம் லட்டை உதுத்து, ஊட்டுல காராப்பூந்தி இருந்தா அதோட கலந்து வெச்சுப் பாருங்க. பெரியவங்க டீக்கு நல்லா இருக்கும்.

சென்னிமலையான்:

மாஸ்டர், கோபியில எந்தக் கடைன்னு தனியாச் சொல்லுங்க. நெல்லிக்காய் அளவு லட்டு ரெண்டு கிலோ வேணும், பேத்திக்குக் காதுகுத்து வருது. கிலோவுக்கு எத்தனை நிக்கும்?

சரக்கு மாஸ்டர், கோபி:

அறுபதுக்கு மேல நிக்குமுங்கண்ணா. நாலு நாள் முன்னாடி சொல்லிப்போடுங்க.